77 வருடம் நிலுவையில் இருந்த ஒரு வைவா

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருடத்துக்கு ஒரு தடவையாவது அந்தப் படம் வந்துவிடும். நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்காரப் பாட்டி. மேலே கொட்டை எழுத்தில், ‘102 வயதில் டாக்டர் பட்டம் வாங்கிய ஜெர்மன் மூதாட்டி! படிப்புக்கு வயது ஒரு தடையா?’ கீழே வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள். பெரியப்பா அனுப்புவார், சித்தி அதையே நான்கு நாள் கழித்து மறுபடி அனுப்புவார். நான் பேசாமல் இருந்துவிடுவதுதான் வழக்கம். ஆனால் போன தடவை அது வந்தபோது என்ன தோன்றியதோ, ‘அவர் 102 வயதில் படிக்கவில்லை. 25 வயதிலேயே படித்து முடித்துவிட்டார். பட்டத்தைத்தான் அவர்கள் 77 வருடம் தராமல் வைத்திருந்தார்கள்’ என்று தட்டிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். பத்து நிமிடத்தில் அத்தை கூப்பிட்டார். அவர் முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். குசலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. “படிச்சு முடிச்சவங்கன்னா அப்புறம் எதுக்குடா 102 வயசுல பரீட்சைக்கு உட்காரணும்?” என்றார்.

“அப்பதான் அவங்களுக்கு நியாயம் கிடைச்சுது அத்தை” என்றேன்.

“பேப்பரைத் திருத்தாம வச்சிருந்தது வாத்தியார் தப்பு. அதுக்குப் பிள்ளை ஏன் மறுபடி ஹாலுக்கு வரணும்? மார்க்கைப் போட்டு, மன்னிப்புக் கேட்டு, வீட்டுக்கு அனுப்பி வைக்க வேண்டியதுதானே?”

எனக்குப் பதில் தெரியவில்லை. சிக்னல் சரியில்லை என்று ஏதோ சொல்லிச் சமாளித்து வைத்தேன். அந்தப் பாட்டியின் பெயர் இங்கபோர்க் ராபோபோர்ட் என்பதும் அவர் குழந்தை மருத்துவர் என்பதும் எனக்கு முன்பே தெரியும். தெரிந்ததாக நினைத்திருந்தேன் என்று சொல்வதுதான் சரி. அத்தையின் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வாழ்க்கையை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று.

மஞ்சள் கோடு

பிறந்தது 1912 செப்டம்பரில், ஆப்பிரிக்காவில். கேமரூன் அப்போது ஜெர்மனியின் காலனி. அங்கே கிரிபி என்ற கடலோர ஊரில் பிறந்து, கொஞ்ச நாளிலேயே ஹாம்பர்க் வந்துவிட்ட குழந்தை. அப்பா வணிகர், அம்மா பியானோ கலைஞர். வீட்டில் வளர்த்தது புராட்டஸ்டன்ட் கிறித்தவப் பெண்ணாக. அம்மாவின் பூர்வீகம் யூதக் குடும்பம் என்பது 1933 வரை ஒரு பொருட்டே இல்லை. அதற்குப் பிறகு அது ஒன்றுதான் பொருட்டு. நாஜிச் சட்டத்தின் கணக்கில் இங்கபோர்க் சில்ம் என்ற அந்த மாணவி ‘பாதி யூதர்’. அவர் எந்தக் கோயிலுக்குப் போனார், எதை நம்பினார் என்று யாரும் கேட்கவில்லை. சாதிச் சான்றிதழைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். 1937இல் அரசுத் தேர்வையும் எழுதித் தேறினார். அவருடைய தேர்வுப் படிவங்களில் மட்டும் மஞ்சள் கோடு இழுத்திருந்தார்களாம். தேர்வு எழுதலாம், ஆனால் எழுதுவது யார் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. நம் ஊரில் எம்.பி.பி.எஸ். முடித்த மறுநாளே எல்லோரும் ‘டாக்டர்’தான். ஜெர்மனியில் அப்படி இல்லை. மருத்துவத் தேர்வில் தேறினால் வைத்தியம் பார்க்கும் தகுதி மட்டுமே வரும். பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போட, தனியாக ஓர் ஆய்வேடு எழுதிக் கொடுத்து வாய்மொழித் தேர்விலும், அதாவது வைவாவிலும், தேற வேண்டும். இங்கபோர்க் அந்த ஆய்வேட்டை எழுதி முடித்தது 1938இல். வயது 25. எடுத்துக்கொண்ட பொருள், டிப்தீரியா வந்த குழந்தைகளுக்கு ஏற்படும் வாதம்.

டிப்தீரியா என்றால் தொண்டை அடைப்பான். டி.பி.டி. என்ற முத்தடுப்பூசியின் முதல் எழுத்தாக மட்டும் இன்று நமக்குத் தெரிகிற நோய், அன்றைக்கு ஐரோப்பாவில் குழந்தைகளை வாரிக்கொண்டு போனது. தொண்டையில் சாம்பல் நிறத்தில் தடித்த ஆடை படர்ந்து மூச்சை அடைக்கும் என்பது நம் பாட்டிமாருக்கும் தெரிந்த விஷயம். இங்கபோர்க்கை இழுத்தது அதற்குப் பிறகு நடப்பது. தொண்டை ஆறி, பிள்ளை பிழைத்துக்கொண்டது என்று வீடு மூச்சு விடும் நேரத்தில், சில வாரம் கழித்து அந்தப் பிள்ளை தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வரும். பேச்சு மூக்கால் வரும். அண்ணம் செயலிழந்திருக்கும். அப்புறம் கண், பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் படிக்க முடியாது. அப்புறம் கை கால். மோசமாகப் போனால் மூச்சுத் தசை. கிருமி தொண்டையைத் தாண்டி அதிகம் நகர்வதில்லை, அது கக்கும் நஞ்சுதான் ரத்தத்தில் கலந்து நரம்புகளுக்குப் போகிறது என்பது அப்போதே தெரியும். அந்த நஞ்சு உள்ளே போய் என்ன செய்கிறது என்பது தெரியாது. தெரியாத இடத்தில் போய் நின்றிருக்கிறது அந்த 25 வயதுப் பெண்.

ஆய்வேட்டைக் கொடுத்தார். வாய்மொழித் தேர்வுக்கு அனுமதி இல்லை. காரணம், பிறப்பு.

பேராசிரியரின் கடிதம்

அவருடைய வழிகாட்டி ருடோல்ஃப் டெக்விட்ஸ், பெயர்பெற்ற குழந்தை மருத்துவர். 1938 ஆகஸ்டில் மாணவிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். செல்வி சில்ம் ஆய்வேடு கொடுத்திருக்கிறார், அவருடைய பூர்வீகத்தின் காரணமாகச் சட்டம் குறுக்கே நிற்காவிட்டால் நான் அதை ஏற்றுக்கொண்டிருப்பேன் என்பதுதான் சாரம். முதல் தடவை இதைப் படித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. இது என்ன கடிதம்? ‘நீ ஜெயித்துவிட்டாய், ஆனால் கோப்பை கிடையாது’ என்று எழுதிக் கொடுக்க ஒரு பேராசிரியர் எதற்கு? கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் நல்லவர்களைப் பார்த்தால் எனக்குப் பொதுவாகவே ஆகாது.

டெக்விட்ஸைப் பற்றி மேலும் படித்தால் குழப்பம் கூடுகிறது. இவர் நாஜிக் கட்சியில் ஆரம்பத்திலேயே சேர்ந்தவர். 1923இல் மியூனிக்கில் ஹிட்லர் நடத்திய தோல்வியுற்ற கலகத்தில் இருந்தவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு இதே மனிதர் அந்த ஆட்சிக்கு எதிராகத் திரும்பி, ஊனமுற்ற குழந்தைகளை மருத்துவமனைகளிலேயே கொன்றதைக் கண்டித்து, வாயை அடக்க மாட்டாமல், 1944இல் ஏழு வருடச் சிறைத் தண்டனை வாங்கினார். எரிய ஆரம்பித்த நெருப்புக்கு முதலில் விறகு போட்டவர்களில் ஒருவர், அது வீட்டுக்குள் வந்தபோது கையால் அணைக்கப் பார்த்தார். இவரை எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஆனால் கடிதத்தைப் பற்றிய என் கருத்து மாறிவிட்டது. அந்தத் தாளில் இருப்பது அனுதாபம் இல்லை, வாக்குமூலம். ‘ஆய்வேடு சரியில்லை’ என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடியிருக்கலாம். எல்லாக் காலத்திலும் எல்லா ஊரிலும் அப்படித்தானே செய்கிறார்கள்? தகுதி போதவில்லை, நேர்முகத்தில் பதில் திருப்தியாக இல்லை என்பார்கள். உண்மையான காரணத்தை எழுத்தில் எவரும் வைப்பதில்லை. டெக்விட்ஸ் வைத்தார். படிப்பில் குறை இல்லை, தடுத்தது பிறப்பு மட்டுமே என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாள் இல்லாவிட்டால் 2015இல் பல்கலைக்கழகம் எதைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்திருக்கும்?

இங்கபோர்க் நாட்டைவிட்டுக் கிளம்பியதும் அந்த வருடமே. 1938 செப்டம்பர் கடைசியோடு ஜெர்மனியில் யூத மருத்துவர்கள் எல்லோருடைய உரிமமும் செல்லாது என்று ஆனது.

ஓடிய ஓட்டம்

அடுத்த பதினான்கு வருடத்தை வேகமாகச் சொல்கிறேன். வேகமாகத்தான் அது நடந்தது. அமெரிக்காவில் கையில் காசில்லாமல் தனியாக இறங்கினார். ஜெர்மன் படிப்பு அங்கே செல்லவில்லை. பல கல்லூரிகள் கைவிரித்த பிறகு, பிலடெல்பியாவில் இருந்த பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரி இடம் கொடுத்தது. (ஆனந்திபாய் ஜோஷி 1886இல் பட்டம் வாங்கியது இந்தக் கல்லூரியில்தான். ஊரில் இடம் கிடைக்காத பெண்களுக்கு அது அப்படியொரு வாசல்.) இரண்டாம் தடவையாக மருத்துவம் படித்து முடித்தார். சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் வேலை. அங்கே வியன்னாவிலிருந்து வந்திருந்த உயிர்வேதியியலாளர் சாமுவேல் மித்யா ராபோபோர்ட்டைச் சந்தித்து 1946இல் திருமணம். போர்க்காலத்தில் ரத்தத்தைக் கெடாமல் நீண்ட நாள் வைத்திருப்பதற்கான ஆய்வுக்காக அதிபர் ட்ரூமனிடமிருந்து நற்சான்று வாங்கியவர் அவர். அதே மனிதர் கம்யூனிஸ்ட். மனைவியும் கட்சியில் சேர்ந்தார்.

1950இல் மெக்கார்த்தி காலம், அமெரிக்காவில் கம்யூனிஸ்ட்களைத் தேடித் தேடி விசாரித்த நேரம். சூரிச்சில் நடந்த ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போயிருந்த கணவர், திரும்பி வந்தால் விசாரணைதான் என்று தெரிந்து அங்கேயே நின்றுவிட்டார். இங்கபோர்க், வயிற்றில் நான்காவது பிள்ளையோடு, மூன்று குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு ஐரோப்பா போய்ச் சேர்ந்தார். வியன்னாவில் முயன்றார்கள், வேலை கிடைக்கவில்லை. 1952இல் கிழக்கு பெர்லின் வரவேற்றது. முதல் தடவை பிறப்புக்காக ஓட்டம், இரண்டாம் தடவை கருத்துக்காக. 40 வயதில், தன்னைத் துரத்திய நாட்டின் பாதிக்குள் திரும்பி வந்து நின்றார்.

அங்கே அவர் செய்த வேலை பெரியது. குறைமாதக் குழந்தைகளையும் பிறந்து சில நாளே ஆன சிசுக்களையும் காப்பாற்றுவது தனி மருத்துவத் துறையாக உருவாகிக்கொண்டிருந்த காலம். ஷாரிட்டே மருத்துவமனையில் 1969இல் அந்தத் துறைக்கென்று பேராசிரியர் பதவி உண்டாக்கப்பட்டது. ஜெர்மனியிலேயே அதுதான் முதல். அதில் அமர்ந்தவர் இவர். சிசு மரணத்தைக் குறைத்ததற்காக அரசின் விருதும் வந்தது. பிள்ளைகளில் டாம் ஹார்வர்டில் செல் உயிரியல் பேராசிரியர், மிஷாயேல் உலகம் அறிந்த கணித ஆய்வாளர். அதாவது, நம் வாட்ஸ்அப் பாட்டி அந்தப் பட்டத்துக்காக ஏங்கிக்கொண்டு மூலையில் கிடந்தவர் இல்லை. பேராசிரியராகி, ஓய்வும் பெற்று, நாற்பது வருடம் ஆகியிருந்தது.

ஒரு முள்

இந்த இடத்தில் நான் இரண்டு நாள் நின்றேன். கிழக்கு ஜெர்மனியின் மீது இங்கபோர்க்குக்கு இருந்த பற்று அந்த நாடே இல்லாமல் போன பிறகும் போகவில்லை. தான் வாழ்ந்த சமூகங்களில் அதுதான் மேலானது என்ற எண்ணத்திலேயே கடைசிவரை இருந்தார். அவர் பக்கம் நின்று பார்த்தால் புரிகிறது. ஜெர்மனி துரத்தியது, அமெரிக்கா துரத்தியது, ஆஸ்திரியா கைவிரித்தது, இது ஒன்றுதான் உள்ளே வா என்றது. வேலை கொடுத்தது, பெண் என்று பார்க்காமல் பேராசிரியராக்கியது. சோறு போட்ட வீட்டைப் பழிக்க மனம் வருமா?

ஆனால் அதே நாட்டில்தான் பாதிரியார் வீட்டுப் பிள்ளைகளிலும், அரசின் இளைஞர் அமைப்பில் சேராத பிள்ளைகளிலும் பலர் எவ்வளவு நன்றாகப் படித்தாலும் மேல்நிலைப் பள்ளிக்கே போக முடியாமல் வாசலில் நிறுத்தப்பட்டார்கள். அவர்களுக்கு மஞ்சள் கோடு போடவில்லை, அவ்வளவுதான். இரண்டும் ஒன்றில்லை, ஒன்று கொலைக்களத்துக்குப் போன பாதை, நான் சமன்படுத்தவில்லை. ஆனாலும் ‘பிறந்த வீட்டைக் காட்டிப் படிப்பைத் தடுக்காதே’ என்பதை உடம்பால் அறிந்த ஒருவர், தன் பல்கலைக்கழகத்தின் வாசலில் நடந்ததை எப்படிப் பார்த்திருப்பார்? இதை அத்தையிடம் சொன்னேன். “எல்லாருக்கும் அவங்கவங்க பட்ட அடிதான் பெரிசா தெரியும்” என்று சொல்லிவிட்டுக் குக்கரை இறக்கப் போய்விட்டார். எனக்கு அந்த முள் எடுபடவில்லை. எடுக்க வேண்டும் என்றும் இல்லை, அவரை நான் கோயிலில் வைக்கப்போவதில்லையே.

பெர்லினில் ஒரு கூடம்

சரி, 2015க்கு வருவோம். ஹாம்பர்க் மருத்துவத் துறையின் டீன் ஊவெ கோக்-க்ரோமுஸின் காதுக்கு இந்தப் பழைய கதை எட்டுகிறது. 1938க்கும் அதற்கும் நடுவில் போர் முடிந்தது, ஜெர்மனி பிரிந்தது, மறுபடி சேர்ந்தது, அப்போதெல்லாம் யாரும் அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. இந்த டீன் திறந்தார். சுலபமான வழி எது என்று நமக்கே தெரியும். ஒரு கௌரவ டாக்டர் பட்டம். பூங்கொத்து, சால்வை, பத்திரிகைக்காரர்கள், முடிந்தது. அத்தை சொன்ன ‘மார்க்கைப் போட்டு வீட்டுக்கு அனுப்பு’ வழியும் கிட்டத்தட்ட அதுதான்.

நடந்தது அது இல்லை. எந்தத் தேர்வை 1938இல் மறுத்தார்களோ, அதே தேர்வு. அதற்கு 102 வயதில் அவர் தயாரானார். கண்பார்வை அநேகமாகப் போய்விட்டது, கணினி முன்னால் உட்கார முடியாது. உறவினர்களும் நண்பர்களும் இணையத்தில் தேடிப் படித்து, தொலைபேசியில் சொல்லச் சொல்ல, இவர் காதால் கேட்டு மனதில் ஏற்றிக்கொண்டார். ஏற்றிக்கொள்ள என்னவெல்லாம் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அவர் ஆய்வேடு எழுதியபோது மரபுச் செய்தி டி.என்.ஏ.யில் இருக்கிறது என்பதே தெரியாது. டிப்தீரியாக் கிருமி தானாக நஞ்சு காய்ச்சுவதில்லை, அதைத் தொற்றும் ஒரு வைரஸ் கொண்டுவரும் மரபணுதான் அதை நஞ்சாக்குகிறது என்பது 1951இல் தெரிய ஆரம்பித்தது. செல்லுக்குள் புரதம் தயாராகும் வேலையையே அந்த நஞ்சு நிறுத்திவிடுகிறது என்பது அதற்கும் பிறகு. 25 வயதில் எந்த இருட்டின் முன்னால் நின்றாரோ, அந்த இருட்டுக்குள் மற்றவர்கள் 77 வருடமாக ஏற்றி வைத்த விளக்குகளை ஒவ்வொன்றாகக் காதால் பார்த்திருக்கிறார்.

2015 மே மாதம் மூன்று பேராசிரியர்கள் ஹாம்பர்க்கிலிருந்து பெர்லினுக்கு வந்தார்கள். தேர்வு அவர் வீட்டுக் கூடத்திலேயே. முக்கால் மணி நேரம். அன்றைக்கு எழுதியதையும் கேட்டார்கள், இன்றைக்கு வரை என்ன தெரிந்திருக்கிறது என்பதையும் கேட்டார்கள்.

அந்தக் கூடத்தை நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அத்தையின் கேள்வியில் ஏதோ தலைகீழாக இருப்பது எனக்குப் பட்டது. பிள்ளை ஏன் மறுபடி ஹாலுக்கு வர வேண்டும் என்று அவர் கேட்டார். ஆனால் இங்கே பிள்ளை வரவில்லை. ஹால் வந்தது. 1938இல் அந்தப் பல்கலைக்கழகம் செய்யாமல் விட்டது பட்டம் கொடுப்பதை இல்லை. கேள்வி கேட்பதை. எதிரே உட்கார்ந்து, உனக்கு என்ன தெரியும் என்று கேட்டு, சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது ஒரு பல்கலைக்கழகம் தன் மாணவருக்குப் பட்டிருக்கும் கடன். அதைத் தீர்க்காமல் சான்றிதழை மட்டும் நீட்டினால் அது தானம். அவருக்குத் தானம் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. தனக்காக இதைச் செய்யவில்லை, இந்த வயதில் இது லேசான காரியமும் இல்லை, நாஜிகளால் பாதிக்கப்பட்டவர்களுக்காகவே செய்தேன் என்று அவர் சொன்னதன் பொருளும் எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. படிவத்தில் மஞ்சள் கோடு விழுந்த எத்தனையோ பேரைக் கேள்வி கேட்க இப்போது யாரும் மிச்சமில்லை. ஒருவர் மிச்சமிருந்தார், அவரிடமாவது கேட்டுவிட்டுப் போகட்டும்.

ஜூன் 9ஆம் தேதி ஹாம்பர்க்கில் பட்டம் கொடுத்தார்கள். 2017 மார்ச்சில் இங்கபோர்க் காலமானார், 104 வயது. டாக்டர் பட்டத்தோடு வாழ்ந்தது இரண்டு வருடம்கூட இல்லை.

இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டில் உட்கார்ந்து விலாவாரியாகச் சொன்னேன். ஹால் வந்தது, கடன், தானம் என்று நான் அடுக்கியதை அவர் முறுக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டார். பெரிதாக அசைந்ததாகத் தெரியவில்லை.

“அதெல்லாம் இருக்கட்டும். என்ன மார்க் போட்டாங்க?”

“மாக்னா கும் லௌடே அத்தை. அங்க அப்படித்தான் சொல்வாங்க.”

“அதுதான் ஃபர்ஸ்டா?”

“இல்ல. ‘ஸும்மா கும் லௌடே’ன்னு அதுக்கு மேல ஒண்ணு இருக்கு. இது ரெண்டாவது.”

அத்தை பிசைவதை நிறுத்தினார். “நூத்திரண்டு வயசுக் கிழவி, ஊரே பார்த்துக்கிட்டிருக்கு, அப்படியும் முதல் கிரேடு போடலையா?”

“போடல.”

“அப்ப நிஜமாவே திருத்தியிருக்காங்கடா” என்று சொல்லிவிட்டு மறுபடி மாவில் கை வைத்தார்.